ஒளியோடு ஒளி சேர்ந்து இருளான வரலாறு

கார்த்திகைத் தீபத் திருநாளன்று மாலையில், 2668 அடி உயரமுள்ள நம் மலையின் உச்சியில் தீபம் தெரிந்தவுடன் ஊரில் ஒவ்வொரு வாசலிலும் அகல் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. ஓர் அகல் எரியும் திண்ணையில் இரண்டாவது அகலை வைத்தால் வெளிச்சம் கூடுகிறது. பத்தாவது அகலை வைத்தால் இன்னும் கூடுகிறது. விளக்கோடு விளக்குச் சேர்ந்தால் இருட்டு உண்டாகும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நம் பாட்டிமார் அவரைப் பித்தர் என்றே எண்ணியிருப்பர். ஆயினும் 1801 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், தாமஸ் யங் என்னும் மருத்துவர், கற்றறிந்தோர் அவையில் நின்று ஏறத்தாழ அதையே சொன்னார். பித்தர் என்னும் பழியும் அவருக்கு உடனே கிடைத்தது. அவர் சொன்னது உண்மையென உலகம் ஒப்புக்கொண்ட வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது வரலாற்றுக் கட்டுரை. நான் வரலாறு படித்த பி.ஏ., பி.எட்.; இயற்பியல் பயின்றவன் அல்லேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. இன்றைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்பில் சேரச் சென்றபோது, மதிப்பெண்கள் போதுமானவையாக இருந்தும், “அறிவியல் பிரிவெல்லாம் உங்களவர்க்கு எதற்கு? வரலாறு எடு, எளிதில் தேறலாம்” என்று எனக்கு ‘அறிவுரை’ கூறப்பட்டது. என் தந்தையார் கைகட்டி நின்றார், நானும் கையெழுத்திட்டேன். அப்பள்ளியின் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கவும் தண்ணீர் கொண்டுவந்து வைக்கவும் நானும் என் தெருப் பிள்ளைகளும் அனுப்பப்பட்டதுண்டு. கண்ணாடி அலமாரிக்குள் பித்தளை நிறமாலைமானி ஒன்று பளபளத்தது. அதைத் துடைத்தேன், அதனுள் கண் வைத்துப் பார்த்ததில்லை. அதனுள் அன்று என்ன தெரிந்திருக்கும் என்று தேடத் தொடங்கியவன், வரலாற்று ஆசிரியனாகையால் அதன் வரலாற்றையே முதலில் தேடினேன்.

ஒளி யாது என்னும் வினாவுக்குப் பதினேழாம் நூற்றாண்டில் இரு விடைகள் இருந்தன. டச்சு நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், ஒளி அலையாகப் பரவுகிறது என 1690 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். நியூட்டனோ, ஒளி நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்னும் கருத்தைச் சார்ந்திருந்தார். அவரது ஒளியியல் நூல் 1704 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நியூட்டனுடைய பெயர் பெரிது. அப்பெயரின் நிழலில் அலைக் கொள்கை ஏறத்தாழ நூறாண்டுகள் முளைவிடாமல் கிடந்தது. இதற்காக நியூட்டனைக் குறை கூறுதல் முறையன்று. தாம் கண்ட சில நிற வளையங்களை விளக்கத் துகள்கள் மட்டும் போதா என்பதை அவரே உணர்ந்திருந்தார். பின்வந்தோர்தாம் அவருடைய ஐயங்களை விட்டுவிட்டு அவருடைய முடிவை மட்டும் வேதமாக்கிக் கொண்டனர். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக எத்தனையோ பொய்களைச் சுமந்த நமக்கு இது புதிதன்று.

யங் 1773 இல் பிறந்தவர். குவேக்கர் என்னும் சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர். நோயாளிகளைப் பார்ப்பதே அவர் தொழில். ஒலியைப் பற்றியும் நீரலையைப் பற்றியும் ஆராய்ந்த பின்னரே அவர் ஒளிக்கு வந்தார். அவர் கண்டதை நம் ஏரிக்கரையில் நின்றே விளங்கிக் கொள்ளலாம். காற்றில்லாத காலை வேளையில், மதகருகே இரு கைகளிலும் இரு கற்களை எடுத்துச் சிறிது இடைவெளி விட்டு ஒரே நேரத்தில் நீரில் போடுங்கள். இரு வட்ட அலைகள் கிளம்பி ஒன்றையொன்று கடக்கும். ஓர் அலையின் முகடும் மற்றதன் முகடும் சந்திக்கும் இடத்தில் நீர் இரட்டிப்பாக எழும்பும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சந்திக்கும் இடத்தில் நீர் அசையாது நிற்கும். அந்த இடத்திற்கு இரண்டு அலைகளும் வந்தன. வந்தும் அங்கே அலை இல்லை. இதனையே குறுக்கீட்டு விளைவு என்கிறோம்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. டோங்கின் நாட்டின் பாட்ஷா துறைமுகத்தில் கடல் ஏற்றம் நாளுக்கு இருமுறை வராமல் ஒருமுறையே வருவதும், சில நாட்களில் வாராமலே இருப்பதும் மாலுமிகளுக்குப் புதிராக இருந்தது. இரு வழிகளில் வரும் இரு கடல் ஏற்றங்கள் நேரம் முன்பின்னாகச் சேர்வதால் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று விடை கூறியவர் நியூட்டன். அந்த விளக்கத்தையே யங் தம் கருத்துக்குத் துணையாக எடுத்துக் காட்டினார். கடலுக்குப் பொருந்தும் என்று நியூட்டன் அறிந்த ஒன்றை, ஒளிக்கும் பொருத்திப் பார்க்க இன்னொருவர் வரவேண்டியிருந்தது.

1803 ஆம் ஆண்டு நவம்பரில் யங் அவையில் விவரித்த சோதனைக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. சன்னல் கதவில் ஊசித் துளை. அதன் வழியே வரும் வெயிற்கதிரைக் கிடையாகத் திருப்ப ஒரு கண்ணாடி. அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைக் கீற்று. அவ்வளவே. கதிரின் குறுக்கே அட்டையை நிறுத்தியபோது, எதிரே விழுந்த நிழலின் உட்புறத்திலேயே வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் தோன்றின. பின்பு வேறோர் அட்டையால் கீற்றின் ஒரு பக்கத்து ஒளியை மட்டும் மறைத்தார். உடனே நிழலுக்குள் இருந்த பட்டைகள் மறைந்தன. மறுபக்கத்து ஒளி தடையின்றி வந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே அப்பட்டைகள் ஒரு பக்கத்து ஒளியால் ஆனவை அல்ல. இருபக்கத்து ஒளியும் கூடியதால் ஆனவை. வழக்கு மன்றத்தில் குறுக்கு விசாரணை செய்வதைப் போன்ற அந்த இரண்டாவது அட்டையைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். பாடநூல்களில் காணும் இரு பிளவுச் சோதனை 1807 இல் அச்சான அவருடைய சொற்பொழிவு நூலில் விவரிக்கப்பட்டதாகும்.

அங்ஙனமாயின் திண்ணையில் இரு அகல்களுக்கு இடையே இருட் பட்டைகள் ஏன் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கக் கூடும். நல்ல வினா. ஏரியில் நாம் இரு கற்களை ஒரே நேரத்தில் போட்டோம். இருவர் கண்ணை மூடிக்கொண்டு தம் விருப்பம்போல் கைநிறையச் சரளைக் கற்களை வீசினால், முகடு எங்கே சந்திக்கும், அகடு எங்கே சந்திக்கும் என்பது நொடிக்கு நொடி மாறிவிடும். இரு அகல்களின் சுடர்களும் அத்தகையன. அவற்றின் ஒளியலைகளுக்குள் நிலையான உறவு இல்லை. ஒரே துளையின் வழியே வந்த ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்தால்தான் இருள் தோன்றும். பிற்கால நூல்கள் இவ்வாறு ஒத்திசைந்தவற்றை ஓரியல் மூலங்கள் என்று அழைக்கின்றன. யங் ஊசித் துளையை முதலில் வைத்ததன் காரணமும் அதுவே.

அவருக்குக் கிடைத்த பரிசு யாது? எடின்பரோ நகரத் திறனாய்வு ஏட்டில், பின்னாளில் பெரிய பதவி வகித்த புரூகம் என்னும் வழக்குரைஞர், தம் பெயரை வெளியிடாமல் 1803 இல் யங்கை எள்ளி நகையாடினார். யங் மறுப்பாக ஒரு சிறு நூலை அச்சிட்டார். அதில் ஒரே ஒரு படி மட்டும் விற்பனையாயிற்று என்பர்.

பிரான்சு நாட்டில் பிரெனெல் என்னும் சாலைப் பொறியாளர் வேறொரு வழியாக அதே இடத்திற்கு வந்து சேர்ந்தார். 1815 இல் நெப்போலியன் திரும்பி வந்ததை எதிர்த்ததால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட அவர், தாயாரின் ஊருக்குச் சென்று தங்கியிருந்த நாட்களில் நிழல்களை ஆராயத் தொடங்கினார். நல்ல வில்லை கையில் இல்லை. ஒரு துளித் தேனை வில்லையாக வைத்துக் கொண்டார். அளவுக் கருவியின் பாகங்களை ஊர்ப் பூட்டுக் கொல்லரே செய்து கொடுத்தார். 1818 இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசுப் போட்டிக்குத் தம் கணக்குகளை அனுப்பினார். நடுவர்களுள் ஒருவரான பாய்சான் துகள் கொள்கையினர், பெருங்கணித வல்லுநர். அவர் பிரெனெலின் கணக்கைத் தொடர்ந்து போட்டு, “இது மெய்யானால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்ட நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி இருக்க வேண்டுமே, இது நடக்கக் கூடியதா?” என்று மடக்கினார். மற்றொரு நடுவரான அராகோ வாதாடாமல் சோதித்துப் பார்த்தார். நிழலின் நடுவே வெளிச்சப் புள்ளி இருந்தது! 1819 இல் பரிசு பிரெனெலுக்கே வழங்கப்பட்டது. எதிர்ப்பதற்காகச் சொன்ன சொல்லே சான்றாக மாறிய அந்நிகழ்ச்சியில், அப்புள்ளிக்கு இன்றுவரை வழங்கும் பெயர் பாய்சான் புள்ளி என்பது இன்னும் வேடிக்கை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சி. வி. இராமன், நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் அன்றாடப் பாடச் சோதனையின்போது, மிகச் சாய்வாக எதிரொளித்த ஒளியில் விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்தார். எத்தனையோ மாணவர் கண்டும் காணாமல் விட்டது அது. கட்டுரை எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தார். மாதங்கள் சென்றும் மறுமொழி இல்லை. தாமே இலண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது புகழ்பெற்ற ஆய்விதழில் அச்சாயிற்று. அப்போது அவர் வயது 18. நோபல் பரிசு 1930 இல் வந்ததென்பது நீங்கள் அறிந்ததே. அவருடைய தந்தையார் கல்லூரி ஆசிரியர், வீட்டில் நூல்கள் இருந்தன, அலமாரி திறந்திருந்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. நான் துடைத்தது போன்ற ஒரு கருவியின் மீது, சாவி கையில் கிடைத்த பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன செய்ய முடியும் என்பதற்கு அவரே சான்று.

சாவி எளிதில் கிடைக்காத ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி எழுதவே இம்மலரில் இடம் கேட்டேன் என்றாலும் மிகையன்று. மேக்நாத் சாகா 1893 இல் டாக்கா அருகே சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிறு மளிகைக் கடைக்காரர். சாதி அடுக்கில் தாழ்வாக வைக்கப்பட்டிருந்த குலம். ஊரில் தொடக்கப் பள்ளிக்கு மேல் இல்லை. அடுத்த பள்ளி இருந்த ஊரில் அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் தம் வீட்டில் இடமும் உணவும் கொடுத்ததால் படிப்புத் தொடர்ந்தது. டாக்கா அரசுப் பள்ளியில் படிக்கையில் ஆளுநர் வருகையைப் புறக்கணித்த மாணவருள் ஒருவராக இருந்தமையால் உதவித்தொகையையும் பள்ளியையும் ஒருங்கே இழந்தார். வேறு பள்ளியில் படித்துத் தேறி 1911 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, ஈடன் இந்து விடுதியில் தங்கினார். அங்கே உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். சரசுவதி பூசையில் அவர் ஒதுக்கப்பட்டார். கல்விக்கு உரியவள் எனப்படும் தெய்வத்தின் முன்னிலையிலேயே இது நடந்தது.

அந்தச் சாகாவின் தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று, 1917 இல் அமெரிக்க இயற்பியல் ஆய்விதழில் வெளிவந்த குறுக்கீட்டு விளைவு பற்றிய கட்டுரையாகும். ஃபாப்ரி, பெரோ என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் அமைத்த கருவியில், அரைகுறையாக வெள்ளி பூசிய இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றையொன்று நோக்கி இணையாக நிற்கும். ஒளி அவற்றுக்கிடையே பலமுறை சென்று மீளும். ஒவ்வொரு முறையும் சிறிது வெளியேறும். வெளியேறிய பங்குகள் யாவும் சேர்ந்து கூர்மையான வளையங்களை உண்டாக்கும். தகடுகளுக்கிடையே தொலைவு கூடினால் எந்த எல்லை வரை குறுக்கீடு நிகழும் என்பதே சாகா எடுத்துக்கொண்ட வினா. அதே ஆண்டில் ஒளியின் அழுத்தம் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை அமெரிக்க வானியல் இதழுக்குச் சென்றது. அச்சுச் செலவில் பங்கு தருமாறு கேட்டனர். அவரிடம் பணம் இல்லை. கட்டுரை முழுமையாக அச்சேறவில்லை. பிற்காலத்தில் அதைப் பற்றி அவர் வருத்தத்துடன் எழுதியிருக்கிறார். இருப்பினும் 1920 இல் அவர் கண்ட அயனியாக்கச் சமன்பாடு உலகப் புகழ் பெற்றது. 1927 இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே 1927 ஆம் ஆண்டு மார்ச் 20 அன்றுதான் மகத் நகரின் பொதுக்குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிப் பருகினார்.

சாகாவின் சமன்பாட்டுக்கும் குறுக்கீட்டுக்கும் என்ன தொடர்பு எனலாம். விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் அதனிடையே கருங்கோடுகள் தெரியும். அக்கோடுகளைக் கொண்டு அவ்விண்மீனின் வெப்பநிலையைக் கணிக்க வழி காட்டியது சாகாவின் சமன்பாடு. அவ்வாறு பிரிப்பதற்கு இன்று பெரிதும் பயன்படுவது கீற்றணி; ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கான நெருங்கிய கோடுகள் கீறப்பட்ட தகடு. அதன் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் வரும் அலைகள் குறுக்கிட்டு ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு திசையில் குவிக்கின்றன. யங்கின் அட்டைக் கீற்றுக்கு இது பேரப் பிள்ளை. நம் ஊருக்கு வடமேற்கே சவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வான்காணகத்தில் இப்பணி நடைபெறுகிறது. அங்கே 1968 இல் சிறு தொலைநோக்கியுடன் பணி தொடங்கிற்று, 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 சனவரியில் திறக்கப்பட்டது. நான் வரலாற்றுப் பிரிவில் கையெழுத்திட்டு நின்ற அந்நாட்களில், நம் வட ஆற்காடு மாவட்டத்திற்குள்ளேயே அது எழும்பிக் கொண்டிருந்தது. எனக்கு அதை எவரும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மாலைப் படிப்பகத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். கடைத்தெருவில் கிடைக்கும் சிவப்பு லேசர் விளக்கு ஒன்று. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தலைமயிர் ஓரிழை. விளக்கின் முன் மயிரிழையை ஒட்டி, விளக்கை அணைத்த அறையில் இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் கதிரைப் பாய்ச்சினோம். (லேசர் கதிரைக் கண்ணுக்கு நேரே ஒருபோதும் பிடிக்கலாகாது.) சுவரில் சிவப்புக் கோடு துண்டு துண்டாக, இடையிடையே இருளோடு விழுந்தது. யங்கின் அட்டையின் இடத்தில் மயிரிழை; அவ்வளவே வேறுபாடு. அடுத்தடுத்த இரு இருட்டிடங்களுக்கு இடையே 16 மில்லிமீட்டர் இருந்தது. அந்த லேசர் ஒளியின் அலைநீளம் 0.00065 மில்லிமீட்டர். அதைச் சுவர்த் தொலைவான 2000 மில்லிமீட்டரால் பெருக்கினால் 1.3, அதை 16 ஆல் வகுத்தால் மயிரிழையின் பருமன் 0.08 மில்லிமீட்டர் எனக் கிடைக்கிறது. அவள் மறுநாள் தன் ஆயாவின் நரைமயிரைக் கொண்டுவந்தாள். இடைவெளி 22 மில்லிமீட்டராக விரிந்தது. ஆகவே ஆயாவின் மயிர் மெலிந்தது. இழை மெலிய மெலியப் பட்டை விரியும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டு கூவினர். யங்கும் கம்பளி இழைகளின் பருமனை அளக்க இதே முறையில் ஒரு கருவி அமைத்திருந்தார் என்று நான் சொன்னேன். அதை அவர்கள் அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை.

அம்மாணவி கேட்டாள்: “சார், இருட்டான இடத்துக்கு வந்த வெளிச்சம் எங்கே போச்சு?” எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டு வந்து அடுத்த வாரம் கூறினேன். ஒளி அழிவதில்லை, இடம் மாறுகிறது. இரு அலைகள் முகட்டோடு முகடு சேரும் இடத்தில் உயரம் இரு மடங்காகிறது. ஆனால் வெளிச்சம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் நான்கு மடங்காகிறது. குறுக்கீடு இல்லாவிடில் ஓரிடத்தில் 2, மற்றோரிடத்தில் 2 என்றிருந்திருக்கும். குறுக்கீட்டால் ஓரிடத்தில் 4, மற்றோரிடத்தில் 0 ஆயிற்று. கூட்டினால் இரண்டும் ஒன்றே. அவள் சிறிது நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். “அப்போ அந்தப் பக்கத்துப் பங்கும் இந்தப் பக்கமே சேர்ந்துடுச்சு” என்றாள்.

யங் வென்றார், நியூட்டன் தோற்றார் என்று கதையை இங்கே முடிக்க இயலாது. 1905 இல் ஐன்ஸ்டைன், ஒளி சில வேளைகளில் தனித்தனிச் சிப்பங்களாகவே செயல்படுகிறது என்று காட்டினார். சாகாவும் அவருடைய வகுப்புத் தோழர் சத்தியேந்திரநாத் போசும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1920 இல் நூலாக்கினர். 1924 இல் போசு டாக்காவிலிருந்து அனுப்பிய கட்டுரை ஒளிச் சிப்பங்களை எண்ணும் புதிய முறையையே வகுத்தது. 1909 இல் டெய்லர் என்னும் இளைஞர் ஓர் ஊசியின் நிழலைப் படம் பிடித்தார். புகைபிடித்த கண்ணாடிகளால் சுடரின் ஒளியை மிக மிகக் குறைத்தார். ஒளி அவ்வளவு அரிதாக வந்ததால் ஒரே படத்திற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. அப்படத்திலும் பட்டைகள் முன்போலவே விழுந்திருந்தன.

இதைச் சொல்லி முடித்தபோது படிப்பகத்தில் மணி எட்டாகிவிட்டது. பிள்ளைகள் நூல்களை அடுக்கிக்கொண்டிருந்தனர். அவள் மட்டும் எழுந்து, “ஒளி ஒவ்வொன்றாத்தான் வந்துச்சுன்னா, அந்த ஒண்ணு ஊசிக்கு எந்தப் பக்கமா போச்சு சார்?” என்றாள். அவ்வினாவை அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி வைத்தேன். மறுவாரம் நான் சென்றபோதும் அதை எவரும் அழித்திருக்கவில்லை.